முதற்கவளம்

நீரில் பிறக்கும் குஞ்சு எதுவாயினும், அது மத்தி மீனின் குஞ்சாக இருந்தாலும், வெள்ளை இறாலின் குஞ்சாக இருந்தாலும், தவளைக்கு உறவான நியூட் என்னும் வாலுள்ள பிராணியின் குஞ்சாக இருந்தாலும், முட்டைக்குள் தாய் வைத்தனுப்பிய மஞ்சட்கருவாகிய கட்டுச்சோறு தீரும் வரையில் அதற்கு உலகத்தைப் பற்றிய கவலை இல்லை. அது தீர்ந்த பின்போ, வாயின் அளவுக்கு அடங்குவதும், எட்டும் தூரத்தில் இருப்பதுமான ஓர் இரை சில நாட்களுக்குள் கிடைத்தாக வேண்டும். கிடைக்கத் தவறினால், பிறகு எவ்வளவு ஆகாரம் வந்து குவிந்தாலும் அதை எட்டிப் பிடிக்கும் வலு அந்தச் சிற்றுயிருக்கு மிஞ்சியிராது. வட ஐரோப்பியக் கடல்களில் மீன் ஒரு வருஷம் குவிவதும் மறு வருஷம் அருகிப்போவதும் ஏன் என்று ஆராய்ந்த நார்வே தேசத்து யோஹான் ஹியோர்ட், தாய்மீன்கள் எத்தனை முட்டையிட்டன என்பதைக் காட்டிலும், மஞ்சட்கரு தீருகிற வேளையில் குஞ்சுகளைச் சுற்றி மிதவையுயிர்கள் இருந்தனவா என்பதே மீன்வளத்தை நிர்ணயிக்கக்கூடும் என்ற கருத்தை 1914-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

கொச்சிக்காரருக்கு இதைச் சாஸ்திரமாக எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. கேரளக் கரையில் பிடிபட்ட மத்தி 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன்னாக இருந்து, 2021-இல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்ததை மட்டாஞ்சேரியின் சமையலறைகள் நேரிலேயே அறிந்தன. அதற்குக் கடலின் உஷ்ணம், பருவமழை, மீன்பிடிப்பு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஆயினும் மத்தியின் வரவுக்கும் அதன் இரையின் வரவுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்பது அதற்கு வெகு காலத்துக்கு முன்பே தெரிந்திருந்த விஷயந்தான். ஃப்ராஜிலேரியா ஓஷியானிக்கா என்ற நுண்பாசி கடலில் பெருகுவது மத்தி பெருகுவதற்கு அறிகுறி என்று நாயர், சுப்ரமண்யன் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் 1955-லேயே எழுதிவைத்தார்கள்.

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் வரும் எறணாகுளத்தில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இருக்கிறது. 1947-இல் தொடங்கப்பெற்று, நெடுங்காலம் நம் தமிழ்நாட்டு மண்டபம் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971-இல் கொச்சிக்கு இடம்பெயர்ந்த நிலையம் அது. அதைச் சேர்ந்தவர்கள் வைப்பீன் தீவின் ஞாறக்கல்லில் இறால் வளர்ப்புக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, முட்டையிலிருந்து வந்த இறாற்குஞ்சை நாள்வாரியாக வளர்த்தெடுக்கும் வித்தையைப் பயின்றார்கள். அந்த வித்தையின் முக்கால் பங்கு இரை வளர்ப்பு என்பதை, அதில் கைவைத்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். இறாலின் குஞ்சு முதற்பருவத்தில் ஒன்றும் தின்னாது; இரண்டாம் பருவத்தில் நுண்பாசி கேட்கும்; மூன்றாம் பருவத்தில் பாசியை விட்டுவிட்டு அசையும் பிராணிகளைப் பிடிக்கத் தொடங்கும்; பருவம் மாறுகிற அன்று புது இரை தயாராக இல்லாவிட்டால், அதுவரை பட்ட பிரயாசை அத்தனையும் தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடியாகப் படிந்து கிடக்கும்.

ஆகையால், நியூட் என்ற பிராணி மருந்துக்கும் கிடைக்காத கொச்சியை வைத்துக்கொண்டு அதன் குஞ்சுக்கு ஏற்ற உயிருணவைப் பற்றி எழுதுவதில் பிசகு ஏதும் இல்லை. நியூட் வளர்ப்போர் கையாளும் இரைகளில் பல, மீனுக்கும் இறாலுக்கும் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துச் செப்பம் செய்தவையே. கேரளத்தில் தவளையினங்கள் மிகுதி. மண்ணுக்குள் ஊர்ந்து திரியும் காலில்லாத சிசிலியன்களும் உண்டு. வாலோடு கூடிய நிலநீர்வாழ் பிராணி மட்டும் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர் தார்ஜிலிங்கின் மலைகளுக்குப் போக வேண்டும். தார்ஜிலிங், சிக்கிம், கிழக்கு நேபாளம் ஆகிய பகுதிகளில் வாழும் இமாலய நியூட்டை, 1871-இல் சீனத்து யுன்னானிலிருந்து விவரிக்கப்பட்ட இனத்தோடு சேர்த்தே நீண்ட காலம் எண்ணிவந்தார்கள். 2015-இல்தான் டைலோடோட்ரைட்டான் ஹிமாலயானஸ் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். சுகியாபொக்ரிக்கு அருகே, கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஜோர்பொக்ரி என்ற மிகச் சிறிய சரணாலயம் இந்தப் பிராணியினாலேயே பெயர் பெற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காவலாக இருப்பதால், தனிமனிதர் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். அனுமதி பெற்ற விலங்கியல் பூங்காக்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே அந்த உரிமை. சட்டம் இடங்கொடுத்தாலும் மட்டாஞ்சேரியின் புழுக்கம் இடங்கொடாது என்பது வேறு விஷயம்: இருபது பாகைக்குக் குறைவான குளிர்நீரில் சுகமாக இருக்கும் ஜீவனை, நள்ளிரவிலும் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில் வைத்துக் காப்பது அதற்கு இழைக்கும் துன்பமாகவே முடியும்.

தவளையின் தலைப்பிரட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் நியூட் குஞ்சையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு. இரண்டும் நீரில் பிறந்து பின்னர் உருமாறி நிலத்தேறுகின்றன என்பதோடு அந்த ஒற்றுமை முடிந்துபோகிறது. தலைப்பிரட்டைகளிற் பல பாசியைச் சுரண்டித் தின்பவை. அதற்கேற்பக் கொம்புப் பொருளாலான அலகும், வரிசை வரிசையான நுண்பற்களும், வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் நீண்ட குடலும் அவற்றுக்கு உண்டு. நியூட்டின் குஞ்சு பிறவியிலேயே மாமிசபட்சணி. அதன் கழுத்தின் இருமருங்கிலும் இறகு விரித்தாற்போல் செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்கள் முதலில் வெளிப்பட, இதற்கு முன்னங்கால்கள் முதலில் வளரும். குடலோ குட்டையானது, கீரையையும் பாசியையும் கொண்டு ஜீவிக்க உதவாதது. வேகவைத்த கீரையைத் தொட்டியில் போட்டு நியூட் குஞ்சை வளர்க்கப் புகுந்தவர், கீரை அழுகி நீர் நாறுவதைத்தான் காண்பார்.

நியூட் குஞ்சு இரை பிடிக்கும் விதத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சு, அடியில் கிடந்த இலையின்மேல் முன்னங்கால்களை ஊன்றி, அசைவற்றுக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு நீர்த்தெள்ளு துள்ளுகிறது. குஞ்சின் தலை மிக மெதுவாக அந்தத் திசைக்குத் திரும்புகிறது, ஓர் அடி எடுத்து வைக்கிறது, நிற்கிறது. தெள்ளு மறுபடியும் துள்ளியவுடன், வாய் திறந்ததும் தொண்டையின் அடிப்பகுதி கீழே இறங்கியதும் இரை மறைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைப் பிரித்தறிய நம் கண்ணுக்கு அவகாசம் இல்லை. வாய்க்குள் திடீரென்று இடம் விரிவதால் நீர் உள்ளே பாய்கிறது, நீரோடு இரையும் போய்விடுகிறது. இங்கே முக்கியமான சங்கதி, தெள்ளு இரண்டாம் முறை துள்ளாமல் இருந்திருந்தால் குஞ்சு அதைத் தொட்டிருக்காது என்பது. கண்ணுக்கு உதவியாகத் தோலின்மேல் நீரதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. ஓரளவு மோப்ப சக்தியும் உண்டு. ஆயினும் இந்த இளம்பருவத்தில் அசைவதே இரை, அசையாதது கல்லும் மண்ணும் போலத்தான். கடையில் விற்கும் மீன்தீவனப் பொடி என்ன சத்தானதாக இருந்தாலும் இந்த ஜீவனிடத்தில் அதற்கு மதிப்பு இல்லை.

அடுத்த நிபந்தனை பருமன். இரையின் உடல், குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக்கூடாது என்பது நியூட் வளர்ப்போர் கைக்கொள்ளும் எளிய அளவுகோல். வைக்கோலை ஊறவைத்த நீரில் தோன்றும் இன்ஃபுசோரியா என்ற ஓரணு உயிர்கள், சில மீன்குஞ்சுகளுக்கு அமிர்தமானாலும், நியூட் குஞ்சுக்குப் பெரும்பாலும் கண்ணிலேயே படாத அற்பம். கடல்மீன் குஞ்சுகளுக்கு முதலிரையாக விளங்கும் ரோட்டிஃபரும், 100 முதல் 340 மைக்ரான் அளவுடையதாகையால், இதற்கு மெலிந்த ஆகாரமே. ஆனால் அந்த ரோட்டிஃபரின் சரித்திரம் சொல்லத்தக்கது. ஜப்பானில் விலாங்கு வளர்த்தவர்கள், குளத்து நீரின் பச்சை நிறம் திடீரென்று மாறி மீன்கள் மூச்சுத் திணறுவதற்கு இந்த உயிரின் மிதமிஞ்சிய பெருக்கமே காரணம் என்று இதைச் சபித்து வந்தார்கள். தகாஷி இட்டோ என்ற அறிஞர் 1960-இல், அதே உயிரை வளர்த்துக் கடல்மீன் குஞ்சுகளுக்கு இரையாக இடலாம் என்று காட்டினார். இன்றைய கடல்மீன் பொரிப்பகங்கள் பெரும்பாலும் அந்தப் பழைய சாபத்தின்மேல்தான் நிற்கின்றன.

நியூட் குஞ்சின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் முதலிரைகளில் ஆர்டீமியாவுக்கே முதலிடம் கொடுப்பேன். இது உப்பளத்தின் பிராணி; மீன்கள் உயிர்வாழ முடியாத அளவுக்கு உப்பேறிய நீரில் வாழ்ந்து, அந்த உப்பையே தனக்கு அரணாகக் கொண்டது. நீர் வற்றும் காலத்தில் அது இடும் தடித்த ஓடுடைய முட்டைகள் கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பழுப்புத் தூளாகக் கரையொதுங்கும்; ஈரம் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. அங்குள்ள வகையில் பெண்களே காணப்படுகின்றன, ஆணின் துணையின்றியே அவை சந்ததி பெருக்குகின்றன. இதைக் குஞ்சுகளுக்கு இரையாக்கும் வழியை அமெரிக்காவில் ஆல்வின் சீல் 1933-லும், நார்வேயில் ரோலெஃப்சன் 1939-லும் எடுத்துக்காட்டினார்கள். உலகச் சந்தைக்கு வரும் முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் பெரிய உப்பேரியிலிருந்து வருகிறது.

முட்டையைப் பொரிக்கவைக்க லிட்டருக்கு 25 முதல் 35 கிராம் உப்புக் கரைந்த நீர், வெளிச்சம், அடியிலிருந்து எழும்பும் காற்றுக்குமிழ், 28 பாகை உஷ்ணம் ஆகியவை வேண்டும். மலைநாட்டில் மின்சார வெப்பமூட்டி வைத்துச் சாதிக்க வேண்டிய இந்த உஷ்ணத்தைக் கொச்சியின் காற்று இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நாளில் ஓடு வெடித்து, மெல்லிய சவ்வுப் பைக்குள் சுருண்ட கரு ஓட்டின் கீழே தொங்கும். சற்று நேரத்தில் அந்தப் பையையும் கிழித்துக்கொண்டு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆரஞ்சு நிறக் குஞ்சு மூன்று ஜோடி உறுப்புகளை அடித்துக்கொண்டு புறப்படும். நல்ல முட்டையாக இருந்தால் ஒரு கிராமிலிருந்து இரண்டு லட்சத்துக்குக் குறையாத குஞ்சுகள் கிடைக்கும். காற்றை நிறுத்தி, ஜாடியின் அடியோரத்தில் ஒரு விளக்கை வைத்தால், வெறும் ஓடுகள் மேலே மிதக்க, குஞ்சுகள் வெளிச்சத்தை நாடி ஒரே மூலையில் செம்மேகமாகத் திரளும். அங்கே சிறு குழாயை விட்டு உறிஞ்சி, பொடிக்கண் வலையில் வடித்து, நன்னீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் நியூட் தொட்டியில் விட வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு சேரும். ஓட்டைப் பிரிக்காமல் விட்டால் அது செரிக்காமல் குஞ்சின் குடலை அடைக்கும்.

இந்த இரையில் காலக்கெடு ஒன்று உண்டு. ஆர்டீமியாவும் தன் முதற்பருவத்தில் மஞ்சட்கருவைக்கொண்டே பிழைக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் அதைப் பிடித்துத் தின்றால், அந்தக் கருவின் கொழுப்பும் புரதமும் தின்றவனுக்குச் சேரும். அரை நாள் கடந்து, முதல் தோலை உரித்துவிட்ட ஆர்டீமியா தன் சேமிப்பைத் தானே செலவழித்திருக்கும். பார்வைக்கு முன்னிலும் பெரிது, போஷணையில் முன்னிலும் குறைவு. இப்போது அதற்கு வாய் திறந்துவிடுவதால், நுண்பாசியையோ மீன் எண்ணெய்க் கலவையையோ ஊட்டி, அதன் வயிற்றைப் பாத்திரமாகக்கொண்டு அந்தச் சத்தைக் குஞ்சுக்குக் கடத்தும் உபாயத்தைப் பொரிப்பகங்கள் கையாளுகின்றன. நன்னீரில் சில மணி நேரத்துக்குமேல் ஆர்டீமியா தாங்காது என்பதையும் மறக்கலாகாது. மாலையில் அள்ளிக்கொட்டியது காலையில் அடியில் செத்துக் கிடந்து நீரைக் கெடுக்கும். சிறிது சிறிதாக, நாளைக்கு இருமுறை விடுவதே முறை.

இரவும் பகலும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்து, குஞ்சுக்குப் பசித்த வேளையிலெல்லாம் அகப்படும் இரை வேண்டுமானால், நம் குளங்களின் மொய்னாவையும் டாஃப்னியாவையும் நாட வேண்டும். இரண்டும் நீர்த்தெள்ளுகள். டாஃப்னியாவின் பெரிய இனங்களுக்குக் குளிர்நாடே உகந்தது. மொய்னாவோ 24 முதல் 31 பாகை வரையில் செழிப்பது, காற்றுக் குறைந்த நீரையும் பொறுத்துக்கொள்வது. காற்று குறையக்குறைய இரத்தச் செம்பொருளைக் கூட்டிக்கொண்டு தானும் சிவந்துபோகும். பிறந்த நாலைந்து நாளில் தாயாகிவிடும் பெண் மொய்னா, ஆணின்றியே இரண்டு நாளுக்கொரு முறை ஈன்றுகொண்டிருக்கும்; அதன் புதுக்குட்டி 400 மைக்ரானுக்கும் சிறிதாகையால் பிறந்த நியூட் குஞ்சின் வாய்க்கும், ஒரு மில்லிமீட்டரை எட்டும் தாய் மொய்னா வளர்ந்த குஞ்சின் வாய்க்கும் பொருந்துகின்றன. இவற்றின் ஓடு ஓரளவு சுண்ணாம்பு கலந்ததாகையால், எலும்பு கட்டும் பருவத்துக் குஞ்சுக்கு அதனாலும் அனுகூலம்.

மொய்னாவை வளர்க்க ஒரு சிமெண்டுத் தொட்டியும் கடலைப் பிண்ணாக்கும் போதும் என்பார்கள். போதும்தான், ஆனால் அளவு தெரிய வேண்டும். ஊறிய பிண்ணாக்கிலிருந்து பாக்டீரியாவும், வெயில் பட்டு நுண்பாசியும் பெருகி, நீர் இளம்பச்சையாகக் கலங்கும். அதை வடிகட்டித் தின்று மொய்னா பெருகும். பிண்ணாக்கு ஒரு பிடி கூடினால் நீர் அழுகி, ஒரே இரவில் மேலே மிதக்கும் பழுப்பு நிற முட்டைப்பைகளைத் தவிர வேறொன்றும் எஞ்சாது. அந்த உறங்கும் முட்டைகள் வறட்சியைத் தாண்டிப் பிழைக்கும் வழி. அவை தோன்றுவது இனத்துக்கு நல்லது, தொட்டிக்காரருக்குக் கெட்ட சகுனம். இரையின் இரை எது என்ற கேள்வியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஜப்பானியப் பொரிப்பகங்களில் ரொட்டி ஈஸ்ட்டை மட்டும் தின்று வளர்ந்த ரோட்டிஃபர்கள் எண்ணிக்கையில் குறைவில்லாமல் பெருகியும், அவற்றைத் தின்ற கடல்மீன் குஞ்சுகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. ஈஸ்ட்டில் இல்லாத சில நெடுங்கொழுப்பு அமிலங்கள் கடற்பாசியில் இருந்ததும், அவையின்றிக் கடல்மீன் பிழைக்காது என்பதும் பின்னரே தெளிந்தன. நன்னீர்ப் பிராணிகளுக்கு அந்தத் தேவை அவ்வளவு கடுமையானதல்ல என்றாலும், பச்சை நீரில் வளர்ந்த மொய்னாவையும் ஈஸ்ட்டில் வளர்ந்த மொய்னாவையும் ஒரே தராசில் நிறுத்த நான் உடன்படமாட்டேன். குஞ்சொன்றை வளர்க்கிறவர் உண்மையில் பாசி, தெள்ளு, குஞ்சு என்று மூன்று தலைமுறை ஜீவன்களுக்குப் பொறுப்பேற்கிறார். முதலாவது நலிந்தால் மூன்றாவது தானே நலியும்.

இதே ஏற்பாட்டைப் பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர், கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்களுக்குப் போகலாம். ஓதம் ஏறியிறங்கும் உவர்நிலங்களில், மழை உப்பைக் கழுவிய மாதங்களில் பொக்காளி நெல் விளைகிறது. அறுப்பில் கதிரை மட்டும் கொய்துவிட்டு நெடிய தாளை நீரிலேயே விடுகிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மதகைத் திறந்து ஓதநீரை உள்ளே விட, அதனோடு இறாற்குஞ்சுகளும் வந்து சேருகின்றன. தாள் அழுகி, அதில் பாக்டீரியாவும் பாசியும் ஏறி, அவற்றைத் தின்னும் கோப்பிபாடு என்னும் சிறு ஓட்டுயிர்களும் நுண்புழுக்களும் பெருகி, அவற்றைத் தின்று இறால் தேறுகிறது. தனியாகத் தீவனம் ஏதும் போடாமலே நடந்துவந்த விவசாயம் இது. இமாலய நியூட்டும் தன் முட்டைகளைப் பருவமழையின் குட்டைகளில், நீர்ச்செடிகளின்மேல் இடுகிறது. முட்டை பொரிவதற்குள், போன வருஷத்துப் புல்லும் சருகும் புதுநீரில் ஊறி, உறங்கிய தெள்ளுமுட்டைகள் விழித்து, குட்டையில் இரை திரண்டிருக்கும். குட்டையைச் சிமெண்டிட்டு, செடிகளைக் களைந்து, அழகுக்காக மீன் விடும் நல்லெண்ணம் படைத்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. நியூட்டுக்கு அவர்களால் வரும் கேடு பிடிப்பவர்களால் வரும் கேட்டுக்குச் சிறிதும் இளைத்ததல்ல.

குஞ்சு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிப் பின்னங்கால்களும் முளைத்தபின், ஆர்டீமியாவைத் துரத்துவதில் செலவழிக்கும் சக்திக்கு அதிலிருந்து வரும் சத்து ஈடாகாது. புழுக்களின் பருவம் அது. சாக்கடைச் சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டும் டியூபிஃபெக்ஸ், அலங்கார மீன் வியாபாரத்தில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையை அறிந்தவர்களுக்கு அந்தச் செந்நிறப் பந்துகள் பழக்கமானவை. அது பிறந்து வளர்ந்த இடத்தின் அழுக்கையும் நோய்க்கிருமியையும் சேர்த்தே கொண்டுவரும் என்பதால், ஓடும் நீரில் நாட்கணக்கில் கழுவிய பிறகும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அதே நிறமுடைய ரத்தப்புழு, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம்; அது சற்றுத் தேவலை, ஆனால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்பதால் அதை மட்டுமே நம்பியிருக்கலாகாது. தோட்டத்து மண்புழுவைக் கழுவிப் பொடியாக நறுக்கினால், துண்டுகள் சற்று நேரம் நெளிவதால் குஞ்சு ஏமாந்து கவ்வும். சத்தில் அதற்கு நிகரானது குறைவு.

கொசுப்புழுவைச் சொல்லாமல் விட்டால் கொச்சிவாசிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். தேங்கிய நீரில் க்யூலெக்ஸ் கொசு இடும் முட்டைகள் கரிய சிறு தெப்பமாக ஒட்டிக்கொண்டு மிதக்கும். ஒரு தெப்பத்தில் நூறு முதல் முந்நூறு வரை இருக்கும். குச்சியால் எடுத்துக் கிண்ணத்தில் விட்டால் ஒன்றிரண்டு நாளில் பொரியும். புழு ஒரு மில்லிமீட்டரில் தொடங்கி ஏழெட்டு மில்லிமீட்டர் வரை வளர்வதால், குஞ்சின் வளர்ச்சிக்கு இணையாக இரையும் பெருத்துக்கொண்டே வருகிறது. மூச்சுக்காக மேலேறி இறங்கும் அதன் நெளிவு குஞ்சின் கண்ணைத் தவறாமல் இழுக்கிறது. தின்னாமல் விடப்பட்டது ஒரு வாரத்தில் சிறகு முளைத்து அறைக்குள் பறக்கும் என்பதால், எண்ணிப் போடத் தெரிந்தவருக்கே இது ஏற்றது. எல்லாக் கொசுவின் புழுவும் உதவாது என்பதற்குக் கொச்சிக்குத் தெற்கேயுள்ள சேர்த்தலை சாட்சி. யானைக்கால் நோயைப் பரப்பிய மான்சோனியா கொசுவின் புழு, மேலே வந்து மூச்சுவிடுவதில்லை. ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதற்குள்ளிருக்கும் காற்றைக் குடித்துக்கொண்டு அங்கேயே ஒட்டிக்கிடக்கும். 1980-களில் அங்கே நோய்த்தடுப்பில் இறங்கிய பாண்டிச்சேரி ஆராய்ச்சி மையத்தினர் புழுவை விட்டுச் செடியை அகற்றச் சொன்னதன் காரணம் அதுவே. வேரோடு ஒட்டிய அந்தப் புழு, திறந்த நீரில் நெளிவதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நியூட் குஞ்சுக்கு இல்லாததற்குச் சமம்.

குளத்திலிருந்து வலைவீசி இரை பிடிக்கிறவர்கள், தாங்கள் இரையோடு பகைவரையும் அள்ளிவருகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தும்பியின் இளம்பருவமும், நீர்வண்டின் புழுவும், மல்லாந்து நீந்தும் மூட்டைப்பூச்சி இனமும் நியூட் குஞ்சைக் கடித்தோ குத்தியோ கொன்றுவிடும்; கண்ணாடியில் ஒட்டி வளரும் ஹைட்ரா ஆர்டீமியாவைப் பங்குபோட்டுக்கொள்ளும். நம் நாட்டுக் கெண்டைமீன் நாற்றங்கால் குளங்களில், ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கலந்து நீர்மேல் பரப்பி, இவற்றில் மூச்சுக்கு மேலே வரும் பூச்சிகளைத் திணறடித்துக் கொன்றபின் குஞ்சு விடும் வழக்கம் உண்டு. நியூட் தொட்டியில் அந்த வைத்தியம் செய்ய முடியாது. வெள்ளைத் தட்டில் ஊற்றி, கண்ணால் பார்த்துப் பொறுக்குவதே வழி.

இரை குறைந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும். அது அவற்றின் துர்க்குணம் என்று கொள்ளலாகாது, அசையும் செவுளும் நெளியும் கால்விரலும் அவற்றின் கண்ணுக்கு இரையாகவே தென்படுகின்றன. இழந்த காலும் செவுளும் மறுபடி வளரும் என்பது உண்மை. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி 1768-லேயே அதை உலகுக்கு அறிவித்தார். வளர்வதற்கும் சத்து வேண்டுமாகையால், கடிபட்ட குஞ்சு பின்தங்கும், பின்தங்கியது மேலும் கடிபடும். பருமன்வாரியாகப் பிரித்து வைப்பதும், தொட்டியில் இடையறாமல் சில மொய்னாக்கள் நீந்தும்படி பார்த்துக்கொள்வதும் இதற்குப் பரிகாரம். அந்த மொய்னாக்களைக் கொச்சி போன்ற ஊரின் சூட்டில் வளர்த்திருந்தால், குளிர்நீருக்குச் சிறிது சிறிதாகப் பழக்கியே விட வேண்டும். திடீரென்று விட்டால் துள்ளல் ஒடுங்கி அடியில் விழும், துள்ளாத தெள்ளை யார் சீந்துவார்?

சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் நன்றாகத் தின்றுகொண்டிருந்த குஞ்சு இரையை ஏறெடுத்தும் பாராது. செவுள்கள் குட்டையாகும், வாலின் மெல்லிய விளிம்பு சுருங்கும், தோல் தடிக்கும். உள்ளே நுரையீரல் வேலையை ஏற்றுக்கொள்ளும் அந்நாட்களில் அதற்குப் பசி இல்லை. இது நோயென்று கருதி மேலும் மேலும் இரையைக் கொட்டுகிறவர் நீரைக் கெடுத்து, கரையேற வேண்டிய பிராணியை மூழ்கடித்துவிடுவார். செய்ய வேண்டியது, நீர்மட்டத்தைக் குறைத்து, ஈரப்பாசியும் மரப்பட்டையும் போட்டுக் கரை அமைத்துக் கொடுப்பதே. கரையேறிய நியூட்டுக்குப் பசி திரும்பும்போது, மண்ணில் குதிக்கும் நுண்பூச்சிகளும், கரையானும், பொடி மண்புழுவும் வேண்டியிருக்கும். மொய்னாத் தொட்டியை அடுத்த மழைக்காலம் வரையில் காயப்போட்டுவிடலாம், அடியில் படிந்த முட்டைகள் அதைப் பொறுத்துக்கொள்ளும்.